கோபால் மொழியின் எதிர்காலம் குறித்த கவலையைக் கையாள்வது எப்படி: மெயின்ஃபிரேம் நிரலாளர்களுக்கு ஒரு கையேடு

வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நம்பியிருக்கும் பெரிய கணினிகளான மெயின்ஃபிரேம்களில் வேலை செய்யும் குழுக்களின் மதிய உணவு மேசையில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: அங்கே ஓடும் பழைய நிரல்மொழியான கோபால் இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்கும்? வாடிக்கையாளர் நிறுவனத்தின் மேலாளர் ஏதோவொரு கூட்டத்தில் ‘மாடர்னைசேஷன்’ (பழைய அமைப்பைப் புதிய தளத்துக்கு மாற்றுவது) என்ற சொல்லை உச்சரித்துவிட்டால் போதும், அந்த வாரம் முழுவதும் வேறு பேச்சே இருக்காது. வீட்டுக் கடன் பாதியில் நிற்க, பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்க, நாற்பதை நெருங்கும் ஒருவர், பதினைந்து ஆண்டுகள் பழகிய தொழில் கைநழுவிப் போய்விடுமோ என்று அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை எள்ளி நகையாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அச்சம் உருவமில்லாமல் இருக்கும்வரை அதை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள முடியுமே தவிர வேறெதுவும் செய்ய முடியாது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காப்பீட்டுத் துறையின் கோபால் நிரல்களைப் பராமரித்து வருகிறவன் என்ற முறையில், அந்தக் கவலையைச் சரிபார்க்கக்கூடிய கேள்விகளாகப் பிரிப்பது எப்படி, ஒவ்வொன்றுக்கும் எங்கே விடை தேடுவது, விடை எதுவாக இருந்தாலும் நாளைக் காலையிலிருந்து என்ன செய்யத் தொடங்குவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

‘கோபால் செத்துவிடுமா’ என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மொழியையும், நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவமாக மாற்றும் கம்பைலரையும் யாராவது பேணி வருகிறார்களா என்பது முதலாவது. நீங்கள் பராமரிக்கும் நிரல்களின் உரிமையாளர் அவற்றுக்குத் தொடர்ந்து பணம் செலவிடுவாரா என்பது இரண்டாவது. அவர் செலவிடுவதை நிறுத்திவிட்டாலும் உங்கள் தலைக்குள் இருக்கும் அறிவுக்கு மதிப்பு இருக்குமா என்பது மூன்றாவது. ஒரு தாளை எடுத்து மூன்றையும் தனித்தனியே எழுதிவையுங்கள். மொழி நலமாக இருக்கும்போதே உங்கள் புராஜெக்ட் மூடப்படலாம். புராஜெக்ட் மூடப்படும் அதே ஆண்டில் உங்களைத் தேடி ஆள் வரலாம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம்மில் பலர் தேவையில்லாத இடத்தில் பதறிவிட்டு, பதற வேண்டிய இடத்தில் அசையாமல் இருந்துவிடுகிறார்கள்.

இந்த மொழிக்கு மரண அறிவிப்பு புதிதல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1959-இல் கணினி நிறுவனங்களும் அமெரிக்க அரசும் சேர்ந்து அமைத்த கோடாசில் குழு இதை வடிவமைக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே, வேலை நகரவில்லை என்று பொறுமையிழந்த, கணினி தயாரித்த ஆர்சிஏ நிறுவனத்தின் ஹோவர்ட் பிரோம்பெர்க், ‘கோபால்’ என்று பொறித்த உண்மையான கல்லறைக் கல் ஒன்றைச் செய்து அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் இருந்து அந்த முயற்சிக்குத் தலைமை வகித்த சார்ல்ஸ் ஃபிலிப்ஸுக்கு அனுப்பிவைத்தார். மொழி முழுமையடைவதற்கு முன்பே அதற்குக் கல்லறை தயாராகிவிட்டது. அந்தக் கல் இன்று கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1960 டிசம்பரில் ஆர்சிஏ 501, யுனிவாக் 2 என்ற முற்றிலும் வேறுபட்ட இரண்டு கணினிகளில் ஏறக்குறைய ஒரே கோபால் நிரல் ஓடிக் காட்டியது.

மொழி உயிரோடு இருக்கிறதா என்பதைப் பார்க்கும் முறை

முதல் கேள்விக்கு விடை காண ஒரு மாலைப்பொழுது போதும். மூன்று இடங்களைப் பாருங்கள்: தரநிலை, கம்பைலர், கருவிகள். தரநிலை 1968, 1974, 1985, 2002, 2014 என்று புதுப்பிக்கப்பட்டு, கடைசியாக 2023-இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் பதிப்பாக வெளிவந்தது. ஐபிஎம்மின் மெயின்ஃபிரேம் இயக்க அமைப்பான இசட்/ஓஎஸ்ஸுக்கான கோபால் கம்பைலர் ஆறாம் பதிப்பு வரிசையில் 2016-இலிருந்து தொடர்ந்து வளர்ந்திருக்கிறது. இணையச் சேவைகள் தரவைப் பரிமாறும் ஜேசன் வடிவத்தை உருவாக்கும் கூற்று 6.1-இலும், ஜேசனைப் பிரித்துப் படிக்கும் கூற்று 6.2-இலும், 64-பிட் முகவரி வசதி 6.3-இலும் சேர்ந்தன. கட்டற்ற மென்பொருள் உலகில் க்னூகோபால் என்ற கம்பைலரின் 3.2 பதிப்பு 2023-இல் வந்தது. 2025 ஏப்ரலில் வெளியான ஜிசிசி 15 என்ற கட்டற்ற கம்பைலர் தொகுப்பில், சி மொழிக்கும் ஃபோர்ட்ரானுக்கும் பக்கத்தில் கோபாலுக்கும் ஒரு முகப்பு (அந்த மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதி) சேர்க்கப்பட்டது. அதே மாதத்தில் ஐபிஎம் இசட்17 என்ற புதிய மெயின்ஃபிரேம் தலைமுறையை அறிவித்தது. சாகப்போகும் ஒன்றுக்காக யாரும் புதிதாகக் கம்பைலர் எழுதிச் சேர்ப்பதில்லை. ஆகவே முதல் கேள்விக்கு உங்கள் தாளில் ‘ஆம், பேணப்படுகிறது’ என்று எழுதிவிட்டு நகரலாம்.

இந்தக் கேள்விக்கு எவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டியோபி போன்ற பட்டியல்கள் தேடுபொறி முடிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மொழிகளை வரிசைப்படுத்துகின்றன. வங்கியின் பூட்டிய அமைப்புக்குள் முப்பது ஆண்டுகளாக ஓடும் நிரலைப் பற்றி யாரும் இணையத்தில் கேள்வி கேட்டு எழுதுவதில்லை. எனவே அது அங்கே பதிவாவதே இல்லை. அதேபோல, உலகில் 22,000 கோடி கோபால் வரிகள் இருப்பதாக ஒரு கணக்கும், ஏறக்குறைய 80,000 கோடி இருப்பதாக இன்னொரு கணக்கும் சுற்றிவருகின்றன. ஒன்றுக்கொன்று மூன்றரை மடங்கு வேறுபடும் எண்களை நம்பி வாழ்க்கை முடிவு எடுக்காதீர்கள். அவை எதுவும் உங்கள் நிரல் நூலகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

உங்கள் நிறுவனம் என்ன செய்யப்போகிறது என்பதைக் கண்டறியும் முறை

விற்பனைக் கூட்டத்தின் ஸ்லைடில் இருப்பது வேறு, பட்ஜெட்டில் இருப்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதை நேரடியாக யாரும் நம்மிடம் காட்டமாட்டார்கள் என்றாலும், நாம் அன்றாடம் தொடும் இடங்களிலேயே அதன் சுவடுகள் இருக்கின்றன.

எந்தக் கம்பைலர் பதிப்பில் உங்கள் நிரல்கள் தொகுக்கப்படுகின்றன என்று பாருங்கள். ஐபிஎம்மின் 4.2 பதிப்புக்கான ஆதரவு 2022 ஏப்ரலோடு முடிந்தது. அதிலிருந்து ஆறாம் பதிப்புக்கு மாறுவது எளிதல்ல. பல ஆண்டுகளாகத் தமக்கு ஒதுக்கிய இடத்தின் எல்லையைத் தாண்டி எழுதிக்கொண்டிருந்த டேபிள்களும், எண் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை இருந்தும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்த ஃபீல்டுகளும் (ஒவ்வொரு தரவையும் வைக்கும் இடங்கள்) அப்போதுதான் வெளிப்படும். அந்தச் செலவையும் சோதனை உழைப்பையும் ஏற்று உங்கள் வாடிக்கையாளர் மாறியிருந்தால், அவர் இன்னும் பல ஆண்டுகள் அங்கே இருக்கத் திட்டமிட்டிருக்கிறார் என்று கொள்ளலாம். ஆதரவு முடிந்த கம்பைலரிலேயே காலம் தள்ளுகிறார் என்றால், வெளியேற நினைக்கிறார் அல்லது பராமரிப்பையே கைவிட்டுவிட்டார். இரண்டுமே உங்களுக்கு எச்சரிக்கைதான்.

அடுத்து, கடந்த ஓராண்டில் உங்கள் குழுவுக்கு வந்த வேலைகளை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். புதிய பாலிசி வகை, புதிய வரி விதி, புதிய அறிக்கை ஆகியவை கோபாலிலேயே கேட்கப்படுகின்றனவா, அல்லது புதியவையெல்லாம் வேறு குழுவுக்குப் போய்விட்டு உங்களுக்கு அபெண்ட் (நிரல் பிழையால் பாதியில் நிற்பது) திருத்தங்கள் மட்டுமே வருகின்றனவா? என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான அறிகுறி இல்லை. புதிய வேலை வருவது நின்ற பிறகு ஒரு கோபால் அமைப்பு ஐந்து ஆண்டுகள்கூட ஓடலாம், ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் குழு பாதியாகக் குறைந்துவிடும்.

இடமாற்றத் திட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டால் அடுத்த மாதமே எல்லாம் முடிந்துவிடும் என்றும் பதறக் கூடாது. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி தன் மையக் கணக்கு அமைப்பை மாற்றிமுடிக்க ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளும் நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேலும் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புதிய தளத்துக்கு மாற்றியபோது, ஏறக்குறைய 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். அதற்காக 2022-இல் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. அங்கே குற்றவாளி எந்த மொழியும் இல்லை. போதிய சோதனையில்லாமல் எடுத்த அவசரம்தான். இதைப் பார்த்த பிற வங்கிகள் தங்கள் மாற்றத்தை மெதுவாகவே செய்யும். எனவே அறிவிப்புக்கும் கடைசி ஜாப் (மெயின்ஃபிரேமில் தொகுப்பாக ஓடும் நிரல் வேலை) நிற்பதற்கும் இடையே உங்களுக்குக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் ஆண்டுகளில்தான் இருக்கும், அந்த ஆண்டுகளை எப்படிச் செலவிடுகிறீர்கள் என்பதில்தான் மூன்றாவது கேள்வியின் விடை அடங்கியிருக்கிறது.

விதிகளை எழுதிவைக்கும் நோட்டு

இந்தக் கையேட்டில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருக்குமானால், இந்தப் பகுதியில் உள்ளதைச் செய்யுங்கள். கோபால் தெரிந்தவர் என்பதற்காக யாரும் நமக்குச் சம்பளம் தருவதில்லை. மொழியின் இலக்கணத்தை ஒரு நல்ல இளைஞர் ஆறு வாரத்தில் கற்றுவிடுவார். அந்த நிரல் ஏன் அப்படிச் செய்கிறது என்பது தெரிந்ததற்காகத்தான் சம்பளம். உண்மையில் அழிந்துகொண்டிருப்பதும் அந்த அறிவுதான். ஓய்வு பெற்றுச் செல்லும் ஒவ்வொருவரோடும் அது கதவைத் தாண்டிப் போகிறது.

எப்படிப்பட்ட விதிகளைச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 10,475 டாலர் நிலுவையுள்ள ஒரு கடனுக்கு ஆண்டு வட்டி 8.25 சதவீதம். ஒரு மாத வட்டியைக் கணக்கிட்டால் 72.015625 வரும். கணக்கிடச் சொல்லும் கோபாலின் கம்ப்யூட் கூற்றில் ‘ரவுண்டட்’ என்ற சொல் இல்லையென்றால், விடை இரண்டு தசம இடங்களோடு வெட்டப்பட்டு 72.01 என்று பதிவாகும். அந்தச் சொல் இருந்தால் 72.02. இன்னும் ஒரு படி உள்ளே போவோம். நிரலை எழுதியவர் மாத வட்டி விகிதத்தை முதலில் தனி ஃபீல்டில் போட்டுக்கொண்டு, அந்த ஃபீல்டுக்கு நான்கு தசம இடங்கள் மட்டும் கொடுத்திருந்தால், 0.006875 என்பது 0.0068 ஆகிவிடும், வட்டி 71.23 ஆகக் குறைந்துவிடும். இந்த மூன்று விடைகளில் எது சரி? அந்த வங்கி வாடிக்கையாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் சரி, ஒப்பந்தத்தில் தெளிவில்லையென்றால் முப்பது ஆண்டுகளாக வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிக்கையில் எது அச்சாகியிருக்கிறதோ அதுவே சரி. ஜாவாவில் மாற்றி எழுத வருகிறவர் மிகச் சரியான கணிதத்தோடு 72.02 என்று கொண்டுவந்து நிறுத்துவார். பத்து லட்சம் கணக்குகளில் ஒரு சென்ட் வேறுபட்டாலே மாதம் 10,000 டாலர் கணக்கில் உதைக்கும்.

ஆகவே ஒரு நோட்டைத் தொடங்குங்கள். நிறுவனத்தின் விதிமுறைக்கு உட்பட்ட இடத்தில், குழுவின் விக்கியிலோ ஆவணக் களஞ்சியத்திலோ இருக்கட்டும். வாடிக்கையாளரின் நிரலைச் சொந்தக் கணினிக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றாட வேலைக்காக ஒரு நிரலைத் திறக்கும்போதெல்லாம், நீங்கள் தொட்ட பாராவை (நிரலின் ஒரு பகுதி) பற்றி மட்டும் மூன்று செய்திகளை எழுதுங்கள்: இது தொழில் மொழியில் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, இதை உறுதி செய்யக்கூடியவர் யார். முழு அமைப்பையும் ஆவணப்படுத்தும் பெருந்திட்டம் எதுவும் வேண்டாம். அத்தகைய திட்டங்கள் இரண்டாம் மாதமே படுத்துவிடுவதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். தொடுகிற இடத்தை மட்டும் எழுதினால், அடிக்கடி மாறும் முக்கியமான பகுதிகள் ஓராண்டில் தாமாகவே எழுதப்பட்டுவிடும்.

நிரலுக்குள் நேரடியாகப் பொதிந்திருக்கும் மாறிலிகளைத் தனிக் கவனத்தோடு குறித்துவையுங்கள். ஆண்டுகளுக்கு முன் நான் பராமரித்த இழப்பீட்டு நிரல் ஒன்றில், கிளை எண் 47 என்றால் செயலாக்கக் கட்டணத்தைத் தவிர்க்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தக் கிளை மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டதாகப் பட்டியல் சொன்னது. ஒழுங்குபடுத்தும் ஆர்வத்தில் அந்த வரிகளை நான் நீக்கினேன். சோதனையில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. காலாண்டு முடிவில் கணக்கு இடித்தது. மூடப்பட்ட கிளையின் பழைய பாலிசிதாரர்கள் அதே எண்ணோடு அமைப்பில் தொடர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எப்போதோ எழுத்தில் கொடுத்த உறுதிமொழி. சில நூறு பேரிடம் பிடித்த கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வரிகளுக்கு மேலே ஒரே ஒரு குறிப்புவரி இருந்திருந்தால் நான் கை வைத்திருக்கமாட்டேன். அன்றிலிருந்து காரணம் தெரியாத எந்த நிபந்தனையையும் நான் நீக்குவதில்லை, காரணம் தெரிந்த எதையும் எழுதாமல் விடுவதும் இல்லை.

இன்னொரு வகையையும் தேடிப் பிடியுங்கள். 1990-களின் பிற்பகுதியில் சென்னைக்குக் கோபால் வேலை பெருமளவில் வந்ததே, ஆண்டை இரண்டு இலக்கத்திலேயே எழுதிவந்த நிரல்களின் இரண்டாயிரமாவது ஆண்டுச் சிக்கலைத் தீர்க்கத்தான். அப்போது எல்லா இடத்திலும் ஆண்டை நான்கு இலக்கமாக விரித்துவிடவில்லை. பல நிரல்களில் இரண்டு இலக்கத்தையே வைத்துக்கொண்டு, 50-க்குக் கீழே இருந்தால் இருபத்தோராம் நூற்றாண்டு, மேலே இருந்தால் இருபதாம் நூற்றாண்டு என்பதுபோல ஒரு எல்லை ஆண்டை வைத்துச் சமாளித்தார்கள். அந்த எல்லை நிரலுக்கு நிரல் வேறுபடும். முப்பது ஆண்டு ஆயுள் காப்பீட்டின் முதிர்வுத் தேதி இன்றைக்கே அந்த எல்லையைத் தாண்டிவிடும். உங்கள் அமைப்பில் எந்தெந்த நிரலில் எந்த எல்லை என்ற பட்டியல் உங்கள் நோட்டில் இருந்தால், அதன் அருமையை நிறுவனம் விரைவிலேயே உணரும்.

எது ஓடுகிறது, எது ஓடவில்லை

இந்த வேலைக்கு ஒரு மாதம் போதும், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு லோடு மாட்யூலுக்கும் (கம்பைலர் தொகுத்துத் தந்த, ஓடும் வடிவ நிரல்) மூலநிரல் உங்களிடம் இருக்கிறதா என்று தொகுத்த தேதியை ஒப்பிட்டுச் சரிபாருங்கள். மூலநிரல் தொலைந்துபோன மாட்யூல் ஒன்றாவது இருக்கும், அதை நெருக்கடி வரும் இரவில் கண்டுபிடிப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல். ஓடாத நிரல்களைச் செத்தவை என்று முடிவுகட்டும் முன், ஜாப்களை நேரப்படி ஓட்டும் ஷெட்யூலரின் பதிவுகளைக் குறைந்தது பதின்மூன்று மாதங்களுக்குப் பாருங்கள். மாத முடிவு, காலாண்டு முடிவு, ஆண்டு முடிவு ஜாப்கள் எல்லாம் ஒருமுறையாவது வந்துபோக அவ்வளவு காலம் தேவை. பிப்ரவரி 29-க்கென்றே எழுதிய பாராக்களும் உண்டு என்பதால், ஆண்டுக் கணக்கு சார்ந்த நிரல்களில் இதுகூடப் போதாது.

மாற்றம் வந்தால் அதற்குள் நுழையுங்கள்

இடமாற்றத் திட்டம் உறுதியானதும் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, அதை எதிரியாகக் கருதி ஒதுங்கி நிற்பது. தாமாக முன்வந்து அந்தக் குழுவில் இடம் கேளுங்கள், குறிப்பாகச் சோதனைப் பணியைக் கேளுங்கள். பழைய அமைப்பையும் புதியதையும் ஒரே தரவோடு அருகருகே ஓட்டி விடைகளை ஒப்பிடும் இணை ஓட்டத்தில், வேறுபாடு பிழையா, விதியா என்று சொல்லக்கூடியவர் அறையில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

அந்த அறைக்குள் போவதற்கு முன் சில செய்திகளை விரல்நுனியில் வைத்திருங்கள். 1250.75 என்ற தொகை, ஏழு முழு இலக்கமும் இரண்டு தசம இலக்கமும் கொண்ட காம்ப்-3 (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் வைத்துச் சுருக்கும் வடிவம்) ஃபீல்டில் ஐந்து பைட்டுகளாக இருக்கும்: 00, 01, 25, 07, கடைசி பைட்டில் 5 என்ற இலக்கமும் நேர்ம எண்ணைக் காட்டும் ‘சி’ குறியும். தசமப் புள்ளி எங்கேயும் இல்லை. அது எந்த இடத்தில் வரும் என்பது ஃபீல்டுகளின் அமைப்பை விவரிக்கும் காப்பிபுக்குக்கு மட்டுமே தெரியும். காப்பிபுக் இல்லாத கோப்பு வெறும் இலக்கக் குவியல். இந்தக் கோப்பை எழுத்துக் கோப்பு என்று நினைத்து மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கிலிருந்து பிற கணினிகளின் குறியீடான ஆஸ்கிக்கு மாற்றி அனுப்பிவிட்டால், கடைசி பைட்டான 5சி எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி என்பதால் ஆஸ்கியின் நட்சத்திரமான 2ஏ ஆக மாறிவிடும். 5 என்பது 2 ஆகிவிட்டது, தொகை பாழ். மூன்றாம் ஷிஃப்டில் எண் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை இருந்தால் வரும் ‘சாக்-7’ அபெண்ட்டோடு மல்லுக்கட்டிய ஒவ்வொருவருக்கும் இது இரத்தத்தில் ஊறிய செய்தி, ஆனால் புதிய தளத்தின் பொறியாளர்களுக்கு இது முற்றிலும் புதிது. பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வரிசைமுறையும் அப்படியே. எப்சிடிக்கில் சிறிய ஆங்கில எழுத்து முதலிலும், பெரிய எழுத்து அடுத்தும், எண்கள் கடைசியிலும் வரும். ஆஸ்கியில் இது அப்படியே தலைகீழ். எழுத்தும் எண்ணும் கலந்த பாலிசி எண்களை வரிசைப்படுத்தி இரண்டு கோப்புகளைப் பொருத்திப் பார்க்கும் நிரல், புதிய தளத்தில் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் பாதிப் பதிவுகளை விட்டுவிடக்கூடும். ஒரே நினைவிடத்தை இரண்டு வடிவமாகப் பார்க்கும் ரீடிஃபைன்ஸ் பகுதிகளையும் முன்கூட்டியே பட்டியலிட்டுக் கொடுங்கள். தானியங்கி மாற்றிகள் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

அந்தத் தானியங்கி மாற்றிகளைப் பற்றியும் என் கருத்தைச் சொல்ல வேண்டும். கோபாலை வரிக்கு வரி ஜாவாவாக மாற்றினால் கிடைப்பதை ‘ஜோபால்’ என்று தொழிலில் அழைக்கிறார்கள். கோபால் தெரிந்தவருக்கு அது ஜாவாவாகத் தெரியும், ஜாவா தெரிந்தவருக்கு அது புரியவே புரியாது. இரண்டு தரப்பிலும் பராமரிக்க ஆள் இல்லாத நிலை அது. 2023-இல் ஐபிஎம் அறிவித்த வாட்சன்எக்ஸ் கருவி உட்பட, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கோபாலை விளக்கவும் மாற்றவும் முனையும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. அவற்றைப் புறக்கணிக்காதீர்கள். ஐயாயிரம் வரி நிரலின் ஓட்டத்தை முதற்பார்வையில் புரிந்துகொள்ள அவை மெய்யாகவே உதவுகின்றன. ஆனால் கிளை எண் 47-க்கு ஏன் கட்டணம் இல்லை என்பது நிரலில் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததை எந்தக் கருவியும் படித்துச் சொல்ல முடியாது. கருவி தரும் விளக்கத்தை உங்கள் நோட்டோடும் உண்மையான தரவோடும் ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

எதைக் கற்பது, எந்த வரிசையில்

பயத்தில் இருக்கும் நிரலாளர் வார இறுதியில் பைத்தான் வகுப்பில் சேர்வதும், அடுத்த வாரம் கிளவுடுக்குத் தாவுவதும், மூன்றாம் வாரம் இரண்டையும் விடுவதும் நாம் எல்லோரும் அறிந்த கதை. நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கினால் கற்றது கையில் நிற்கும். முதலில் ஐபிஎம்மின் தரவுதளமான டிபி2-வின் வழியாக, தரவுதளத்தில் தேடும் மொழியான எஸ்க்யூஎல்லை ஆழமாகப் படியுங்கள். தரவைத் தேடும் கேள்வி எப்படி ஓடுகிறது, எந்த இன்டெக்ஸைப் பிடிக்கிறது என்று சொல்லக்கூடிய அளவுக்கு. அந்த அறிவு எந்தத் தளத்துக்குப் போனாலும் கூடவே வரும். அடுத்து, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான கிட். 2018-இல் ஓபன் மெயின்ஃபிரேம் புராஜெக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பின் கீழ் தொடங்கிய சோவீ கருவித்தொகுப்பைக் கொண்டு, விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரல் எழுதும் செயலியின் திரையிலிருந்தே மெயின்ஃபிரேம் கோப்புகளைத் திறந்து வேலை செய்யப் பழகலாம். மெயின்ஃபிரேமின் பழைய பச்சைத் திரையை விட்டு வர மனமில்லாதவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது, நானும் அப்படி இருந்தவன்தான். ஆனால் புதிதாக வரும் இளைஞர் உங்களோடு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால் அவருக்குத் தெரிந்த திரை வேண்டும். அதற்குப் பிறகு, பரிவர்த்தனைகளை உடனுக்குடன் நடத்தும் சிஐசிஎஸ் நிரலை வெளியுலகுக்கு, பிற நிரல்கள் இணையம் வழியே அழைக்கக்கூடிய ரெஸ்ட் சேவையாகத் திறந்துவிடும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் முடிந்தபின் ஜாவாவோ பைத்தானோ, உங்கள் வாடிக்கையாளர் எந்தப் பக்கம் போகிறாரோ அதைத் தொடங்கலாம்.

தொழில்துறை அறிவையும் சான்றிதழாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆயுள் காப்பீட்டில் பணியாற்றுகிறவர்களுக்கு காப்பீட்டுப் பயிற்சி அமைப்பான லோமாவின் தேர்வுகள் இருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளாக நிரல் வழியாகக் கற்ற காப்பீட்டு விதிகளைப் பாடநூலில் படிக்கும்போது, நமக்குத் தெரிந்தவற்றுக்கு முறையான பெயர்கள் இருப்பது தெரியவரும். அந்தப் பெயர்கள் தெரிந்தால்தான் வணிகப் பகுப்பாய்வாளர் பொறுப்புக்கு நேர்காணலில் பேச முடியும். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்த்திவைக்கப்பட்ட என் நண்பர்களில் விரைவாக அடுத்த புராஜெக்டுக்குப் போனவர்கள் இந்த வழியில் போனவர்களே.

கற்றுக்கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்

தெரிந்ததை மறைத்துவைத்தால் நம்மை வெளியே அனுப்பமாட்டார்கள் என்ற எண்ணம் குழுக்களில் வலுவாக இருக்கிறது. நான் கண்டவரை, ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த அமைப்பைத்தான் நிறுவனம் ஆபத்து என்று குறித்து முதலில் அகற்றப் பார்க்கும். இரண்டு இளைஞர்கள் பராமரிக்கக்கூடிய அமைப்புக்கு ஆயுள் அதிகம், அதை அறிந்தவருக்கும் அப்படியே.

குழுவுக்கு இளைஞர் ஒருவர் வந்தால், ஓபன் மெயின்ஃபிரேம் புராஜெக்ட் 2020-இலிருந்து இலவசமாகத் தரும் கோபால் பாடத்தை முதல் மூன்று வாரங்களில் முடிக்கச் சொல்லுங்கள். இலக்கணத்தை நீங்கள் நடத்த வேண்டாம், உங்கள் நேரம் அதைவிட அரிது. நான்காம் வாரம் அவரிடம் மாத முடிவு ஜாப் ஒன்றின் ஜேசிஎல்லை (ஜாப்பை எப்படி ஓட்டுவது என்ற கட்டளைகள்) கொடுத்து, எந்தக் கோப்பு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தாளில் வரையச் சொல்லுங்கள். வரைந்துகொண்டு வந்ததும், ஒரே ஒரு பாலிசி எண்ணை எடுத்து, அதன் தொகை அந்த ஜாப்பின் ஒவ்வொரு படியிலும் எப்படி மாறுகிறது என்பதை ஃபைல்-எய்ட் என்ற கோப்புக் கருவியில் பதிவு பதிவாகத் திறந்து இருவரும் சேர்ந்து பாருங்கள். இடையில் அவர் கேட்கும் ஒவ்வொரு ‘ஏன்’ என்ற கேள்வியையும் விதி நோட்டில் அவர் கையாலேயே எழுதவையுங்கள். விடை உங்களுக்குத் தெரியாத கேள்விகளுக்கு எதிரே, அதை அறிந்திருக்கக்கூடிய மூத்தவரின் பெயரைப் போட்டு, அவர் ஓய்வு பெறும் மாதத்தையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். அந்த மாதம் எது அருகில் இருக்கிறதோ, அந்தக் கேள்வியோடு அவரைப் பார்க்க முதலில் போங்கள்.